நிலை நாற்பதுக்குப் பிறகு

முதல் கார் எல்லோருக்கும் ஓட்டைதான்.
பதினாலு வருஷப் பழசு, பம்பர் தொங்கும்,
மூன்றாவது கியரில் இருமும்.
அதை வைத்துத்தான் துறைமுகத்துப் பின்தெருவில்
பெயர் தெரியாத ஒருத்தனை
அரை நொடியில் ஜெயித்தேன்.
பரிசு மூவாயிரம்.
மூவாயிரத்துக்கும் டயர் வாங்கினேன்.

அந்த ஊரில் இப்படித்தான் வளர்வார்கள்.
ஜெயி, கழற்று, மாட்டு, மறுபடி ஜெயி.
பத்தாம் நிலையில் டர்போ திறக்கும்.
பதினெட்டில் நைட்ரஸ்.
இருபத்தைந்தில் நடுராத்திரி உனக்கே போன் வரும்:
"மேம்பாலத்துக்கு வா, தைரியம் இருந்தால்."
எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று
திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு
ஏமாற்றாமல் நீண்டுகொண்டே இருக்கும்.

பகலில் எனக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.
கார் டெகார் கடை, பில்லிங் கவுண்டர்,
ஆறு வருஷமாக அதே சுழல் நாற்காலி,
ஒரு சக்கரம் இல்லாதது.
ஹெட்லைட், ஸ்பாய்லர், சீட் கவர்,
எது எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று
தூக்கத்தில் எழுப்பினாலும் பார்ட் நம்பரோடு சொல்வேன்.
விளையாட்டில் ஒரு க்ளிக். இங்கே
டில்லிபாபு மல்லாந்து படுத்து
இரண்டு மணி நேரம் திருகுவார்,
கடைசியில் கிளிப் உடையும்,
கஸ்டமர் என்னைத் திட்டுவார்.
அங்கே ஜிஎஸ்டி கிடையாது.
மழை பெய்தால் ரோடு பளபளக்கும், அவ்வளவுதான்.
இங்கே சைலன்சருக்குள் தண்ணீர் போகும்.

போன தீபாவளிக்கு முதலாளி கூப்பிட்டார்.
"இனிமே நீ சீனியர் பில்லிங், ஷமீமா."
ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.
சம்பளம் கேட்டதற்கு
"அதான் சீனியர் ஆக்கிட்டேனே" என்றார்.
பெரம்பூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு
மஞ்சள் கோட்டைத் தேடினேன் அன்றைக்கு.

நேற்று ராத்திரி ஒன்றரைக்கு நாற்பதாம் நிலை.
கடைசி எதிராளியின் வெள்ளைக் காரைச்
சுரங்க வாயில் நெருங்கும்போது
யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
தெரு முழுக்க இருட்டு. நாலு நிமிஷம் தாங்கும்.
மூன்றில் முடித்தேன்.
அப்புறம் கரண்ட்டும் வந்துவிட்டது, ஒரு மரியாதைக்கு.
அவன் சாவி என் கையில். ஊரே என்னுடையது.
செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பெயர்கள் கீழிருந்து ஏற ஆரம்பித்தன.
யாரும் பார்க்காத பட்டியல். நான் பார்த்தேன்.
பில் போடுகிறவள், ஒரு வரி விடமாட்டேன்.
எஞ்சின் சத்தம் பிடித்தவர்கள்,
வக்கீல்கள், சாப்பாடு கொடுத்தவர்கள்,
ஒன்பதாவது நிமிஷத்தில் பொடி எழுத்தில்
பெருங்குடி, சென்னை.
முப்பத்தோரு பேர்.
தடுப்புச் சுவர்கள்: ஜெபராஜ்.
விளம்பரப் பலகைகள்: அஃப்சல், மோனிஷா.
ஈரத் தரை, தேங்கிய நீர்: ர. செண்பகவல்லி.

மறுபடி ஊருக்குள் போனேன்.
பந்தயம் இல்லை, துரத்த போலீஸ் இல்லை.
இருபதைத் தாண்டாமல் ஓட்டி
இத்தனை நாள் மேலேறிப் பறந்த குட்டைகளை
ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன்.
மீன் மார்க்கெட் திருப்பத்தில் ஒன்று:
ஆயில் படலம், மயில் கழுத்து நிறம்,
ஓரத்தில் நசுங்கிய டீ கப்.

நாலு வருஷம் இருக்கும்,
கழுத்தில் ஐடி கார்டு தொங்க ஒருத்தி
எங்கள் கடை வாசலில் குத்தவைத்து
தேங்கின தண்ணியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.
இவளாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை.
நான் கவுண்டரிலிருந்து கத்தினேன்:
"ஓரமா போம்மா, வண்டி வருது."
அவள் நகரவில்லை.
ஆட்டோதான் சுற்றிக்கொண்டு போனது.